உங்க மீன் திருஷ்டியால சாகலை

மீன் தொட்டி இருக்கிற வீடுகள்ல ஒரு வசனம் உண்டு. நீங்களும் கேட்டிருப்பீங்க. மீன் செத்து மிதக்கும். வீட்டுப் பெரியவர் ஒருத்தர் வந்து எட்டிப் பார்த்துட்டு, "நமக்கு வரவேண்டிய கண்டத்தை அது வாங்கிக்கிச்சு" அப்படிம்பார். சுத்தி நிக்கிறவங்க எல்லாரும் தலையாட்டுவாங்க. மீனைக் கொண்டுபோய்த் தென்னைமரத்தடியில புதைச்சுட்டு, அடுத்த ஞாயித்துக்கிழமை கொளத்தூருக்குப் போய் இன்னொண்ணு வாங்கிட்டு வந்துடுவாங்க. அதுவும் ஒருநாள் கண்டத்தை வாங்கிக்கும்.

எனக்கு இந்த வசனத்தைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. நம்பிக்கை இருக்கிறவங்க நம்பிட்டுப் போகட்டும், அதுல எனக்கு சண்டை இல்லை. என் சண்டை என்னன்னா, இந்த வசனம் புழக்கத்துல இருக்கிற வரைக்கும் மீன் ஏன் செத்துச்சுன்னு யாருமே கேக்க மாட்டாங்க. சர்வர் படுத்துடுச்சு, லாக்கைப் பாருடான்னா லாக் ஃபைலை அழிச்சுட்டு "நேரம் சரியில்லை சார்"னு சொல்ற மாதிரி இருக்கு. ஆபீஸ்ல ஆணி புடுங்குற இடத்துல அப்படிச் சொன்னா மறுநாளே சீட்டைக் கிழிச்சுடுவாங்க. வீட்டுல சொன்னா புண்ணியவான் ஆயிடலாம்.

இதுல பெரிய காமெடி வாஸ்து மீன். ஃப்ளவர்ஹார்ன்னு மண்டையில ஒரு உருண்டையோட திரியுமே, அதைத்தான் இங்க வாஸ்து மீன்னு விக்கிறாங்க. அது 1990-கள்ல மலேசியாவுல, மத்திய அமெரிக்காவோட சிக்லிட் மீன்களைக் கலந்து உருவாக்கின கலப்பினம். இயற்கையில எந்த ஆத்துலயும் கிடையாது. வாஸ்து சாஸ்திரம் எழுதினவர் இந்த மீனைக் கண்ணால பார்த்திருக்க வாய்ப்பே இல்லைங்க. கம்ப்யூட்டர் மவுஸுக்கு சாஸ்திரத்துல திசை தேடுற கதைதான் இது.

சரி, மேட்டருக்கு வருவோம். புதுசா தொட்டி வச்ச வீட்டுல மீன் எப்போ சாகுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? பெரும்பாலும் முதல் மூணு நாலு வாரத்துக்குள்ள. கிரகப்பிரவேசத்துக்கு யாரோ தொட்டி பரிசு கொடுப்பாங்க, காலையில தொட்டி வரும், சாயங்காலம் மீன் வரும், மூணாவது வாரம் மீன் போயிடும். உடனே "வீட்டுக்கு எத்தனை பேர் வந்துட்டுப் போனாங்க, எல்லார் கண்ணும் ஒண்ணாவா இருக்கும்"னு ஆரம்பிச்சுடுவாங்க. திருஷ்டிக்கு இவ்வளவு ஒழுங்கான டைம் டேபிள் எப்படிங்க வந்துச்சு?

டைம் டேபிள் திருஷ்டிக்கு இல்லை, நைட்ரஜனுக்கு. மீன் தன் கழிவுல பெரும்பங்கை அம்மோனியாவா செவுள் வழியாவே வெளியேத்துது. மிச்சம் கிடக்கிற தீனியும் எச்சமும் அழுகி அதுவும் அம்மோனியா ஆகுது. அம்மோனியா விஷம். அதைத் தின்னுட்டு நைட்ரைட்டா மாத்துற நுண்ணுயிர்கள் உண்டு. நைட்ரைட்டும் விஷம்தான். அது ரத்தத்துல ஏறி, ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்கிற வேலையையே கெடுத்துடும். தொட்டி நிறைய காத்துக்குமிழி வந்தாலும் மீன் மேல வந்து வாயைப் பிளக்கும். அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்துறதுக்கு இன்னொரு கூட்டம் இருக்கு. நைட்ரேட் அவ்வளவு மோசம் இல்லை, ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். இந்த ரெண்டு கூட்டமும் ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டி வளர்ந்து, வேலைக்குத் தேவையான அளவு பெருக 4-லிருந்து 6 வாரம் வரைக்கும் ஆகும். புதுத்தொட்டியில இது ரெண்டும் கிடையாது. முதல்ல அம்மோனியா ஏறும். அது இறங்க ஆரம்பிக்கிறப்போ நைட்ரைட் ஏறும். அந்த உச்சம் கிட்டத்தட்ட உங்க மூணாவது வாரத்துலதான் வந்து விழும்.

(நைட்ரைட்டை மாத்துறது நைட்ரோபாக்டர்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. மீன் தொட்டி ஃபில்டர்ல அந்த வேலையைப் பார்க்கிறது நைட்ரோஸ்பைரான்னு 1998-லயே ஆராய்ச்சியில காட்டிட்டாங்க. நம்ம கடைகள்ல கிடைக்கிற சில பாட்டில் லேபிள்களுக்கு மட்டும் சேதி இன்னும் போய்ச் சேரலை.)

இது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. மீன் விக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும்தான் தொட்டியையும் மீனையும் ஒரே நாள்ல கட்டிக் கொடுக்கிறாங்க. எனக்கு ஆத்திரம் வர்றது இந்த இடத்துல. கடைக்காரர்கிட்ட நாலஞ்சு வருஷமா ஓடிட்டிருக்கிற ஸ்பாஞ்ச் டஜன் கணக்குல இருக்கும். நோய் இல்லாத ஒரு தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சை ஈரத்தோட கவர்ல போட்டு, "இதை உங்க ஃபில்டர் பக்கத்துல ஒரு மாசம் வைங்க"ன்னு கொடுத்தா போதும். அவருக்கு ஆகிற செலவு ஒரு புது ஸ்பாஞ்ச். வாங்கினவருக்கு மூணாவது வாரச் சாவு பெரும்பாலும் மிச்சம். ஆனா கொடுக்கிறது என்ன? நீலக் கலர் பாட்டில் ஒண்ணு, மஞ்சள் பொடி ஒண்ணு, ஒரு பாக்கெட் கல் உப்பு. "மீன் டல்லா இருந்தா பத்து சொட்டு விடுங்க சார்." நீல பாட்டில் அனேகமா மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கும் முட்டைக்கும் அதுக்குன்னு உபயோகம் இருக்கு. ஆனா தொட்டியில அப்படியே ஊத்தினா, பாவம் அப்போதான் தலைதூக்குற நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்து அடிக்கும். மருந்து ஊத்துறோம், அம்மோனியா ஏறுது, மீன் இன்னும் டல்லாகுது, இன்னும் பத்து சொட்டு விடறோம். இந்த லூப்புல எங்கயுமே பிரேக் கிடையாது. மீன் செத்தாத்தான் நிக்கும்.

உப்பைப் பத்தி மட்டும் நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். நைட்ரைட் ஏறியிருக்கிற நேரத்துல கொஞ்சம் உப்பு போட்டா உண்மையிலேயே உதவும். உப்புல இருக்கிற குளோரைடு, செவுள்ல நைட்ரைட் நுழையிற வழியை அடைச்சுக்கும். ஆனா அது முதலுதவிதான். எந்த நோய்னே தெரியாம மாசாமாசம் ஒரு கைப்பிடி போடுறது சடங்கு.

அடுத்த வில்லன், சுத்தம். நம்ம ஊர்ல தொட்டி பராமரிப்புக்குன்னே ஆள் வருவாங்க. மாசம் ஒருதடவை வந்து மீனை பக்கெட்ல பிடிச்சுப் போட்டு, மொத்தத் தண்ணியையும் வெளியேத்தி, கல்லையெல்லாம் பாத்ரூம்ல கொட்டி அலசி, ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில பிழிஞ்சு பிழிஞ்சு வெள்ளையாக்கி, தொட்டியைத் துடைச்சு, புதுத்தண்ணி ஊத்தி, மீனைத் திரும்ப விட்டுட்டுப் போவாங்க. தொட்டி பளபளன்னு நகைக்கடை ஷோகேஸ் மாதிரி நிக்கும். வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்காது.

அங்க நடந்தது என்ன? ஒரு மாசமா கஷ்டப்பட்டு வளர்ந்த நுண்ணுயிர்க் கூட்டத்துல பெரும்பகுதியைக் குளோரின் தண்ணியில அலசி சாக்கடையில விட்டாச்சு. தொட்டி மறுபடியும் முதல் நாளுக்குப் போயிடுச்சு. அதாவது ஒவ்வொரு மாசமும் கிரகப்பிரவேசம், ஒவ்வொரு மாசமும் மூணாவது வாரம்! இப்படி ஒரு அபார்ட்மென்ட்ல நான் பார்த்த தொட்டியில, ஆள் வந்துட்டுப் போன அஞ்சாவது நாள் அம்மோனியா சோதிச்சேன். கலர் அட்டையில கரும்பச்சை. தண்ணி என்னவோ கண்ணாடி மாதிரி தெளிஞ்சு இருந்துச்சு. அம்மோனியாவுக்குக் கலர் கிடையாதுங்க. தெளிஞ்ச தண்ணி நல்ல தண்ணிங்கிறது நம்ம கண்ணு சொல்ற தீர்ப்பு, மீனோட செவுள் சொல்ற தீர்ப்பு இல்லை.

இங்க ஒருத்தர் கண்டிப்பா கைதூக்குவார். "தண்ணியே மாத்தாம ஆறு மாசம் வச்சிருந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க சொல்றீங்களேன்னு பாதித் தண்ணி மாத்தினேன், அன்னிக்கு ராத்திரியே ரெண்டு மீன் போச்சு." இது பொய் இல்லை. நிறைய பேருக்கு நடக்குது, அதனாலதான் தண்ணி மாத்துறதுன்னாலே பயப்படறாங்க. இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும்.

அம்மோனியாவை உடைக்கிற நுண்ணுயிர்கள் அந்த வேலையில தண்ணியோட காரத்தன்மையைத் தின்னுட்டே போகும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குக் கிட்டத்தட்ட 7 மில்லிகிராம் அளவுக்கு. தண்ணியை மாத்தாம விட்டா அந்தக் கையிருப்பு தீர்ந்து, பி.எச். 7-க்குக் கீழ, 6-க்குப் பக்கத்துல வந்து விழும். அந்த அமிலத்தன்மையில நுண்ணுயிர்களே சோர்ந்துபோய் வேலையைக் குறைச்சுடும். அம்மோனியா சேர ஆரம்பிக்கும். ஆனா மீன் சாகாது. ஏன்னா அம்மோனியாவுக்கு ரெண்டு ரூபம். அமிலத் தண்ணியில அது பெரும்பாலும் அம்மோனியமா இருக்கும், அது அவ்வளவா விஷம் இல்லை. பி.எச். ஏற ஏற நிஜ அம்மோனியாவா மாறும். 28 டிகிரித் தண்ணியில பி.எச். 7 இருந்தா மொத்தத்துல 100-க்கு 1-க்கும் குறைவாத்தான் விஷ ரூபத்துல இருக்கும். பி.எச். 8-ல 6, 7. பி.எச். 8.5-ல கிட்டத்தட்ட 18. இப்போ நீங்க ஆறு மாசத் தொட்டியில பி.எச். 8 இருக்கிற போர் தண்ணியைப் பாதி ஊத்தறீங்க. அதுவரைக்கும் தூங்கிட்டிருந்த அம்மோனியம் எல்லாம் ஒரே ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துடும். ஆக அந்த மீனைக் கொன்னது தண்ணி மாத்தினது இல்லை, அதுக்கு முந்தின ஆறு மாசம் மாத்தாம விட்டது. அப்படிப்பட்ட தொட்டி உங்ககிட்ட இருந்தா நாளுக்கு பத்து சதவீதம்னு ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக் கொண்டுவாங்க.

இதே கணக்குதான் ஆப்பிரிக்க சிக்லிட் வளர்க்கிறவங்களுக்கும் கத்தி. மலாவி ஏரியோட தண்ணி பி.எச். 8 சுமாருக்கு இருக்கும், அந்த மீன்களுக்கு அதுதான் வேணும். நம்ம சென்னையில நிறைய ஏரியாவோட போர் தண்ணி, குழாயிலயும் பக்கெட்லயும் வெள்ளையா உப்புப் படியுமே, அது இந்த மீன்களுக்கு அமிர்தம். அதை விட்டுட்டு "சுத்தமான தண்ணி"ன்னு ஆர்.ஓ. தண்ணியை மட்டும் ஊத்திக் காரத்தன்மையே இல்லாம ஆக்குறவங்களைப் பார்த்தா சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை. ஆனா ஒண்ணு, பி.எச். 8-க்கு மேல இருக்கிற தொட்டியில அம்மோனியாவுக்கு மன்னிப்பே கிடையாது. ஆஸ்காருக்கு விடுற அலட்சியத்தை இங்க விட்டா கதை முடிஞ்சது.

இப்போ தீனி. என்னைக் கேட்டா முதல் குற்றவாளி இதுதான். தொட்டிக்குள்ள அம்மோனியா வானத்துலேருந்து வர்றதில்லை, நம்ம கையிலேருந்துதான் போகுது. நாலு வருஷ இன்ஜினியரிங்ல நான் உருப்படியா கத்துக்கிட்டது ஒண்ணு, உள்ள போனது எல்லாம் ஒண்ணு வெளிய வரணும், இல்லை உள்ளேயே தங்கணும். மீன் பண்ணைக்காரங்க உபயோகிக்கிற ஒரு கணக்கு இருக்கு. போட்ட தீனியோட எடை, அதுல எத்தனை பங்கு புரதம், ரெண்டையும் பெருக்கி, அதை 0.092-ஆல பெருக்கினா உருவாகப் போற அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். பெல்லட்ல 40 சதவீதம் புரதம்னு வைங்க. தினம் 10 கிராம் போட்டா 0.37 கிராம். உங்க தொட்டி 200 லிட்டர்னா லிட்டருக்கு 1.8 மில்லிகிராம், ஒரே நாள்ல. ஃபில்டர் நல்லா இருந்து மொத்தத்தையும் நைட்ரேட்டா மாத்திடுச்சுன்னே வைங்க. தினம் லிட்டருக்கு 8 மில்லிகிராம் நைட்ரேட், வாரத்துக்கு 57.

இப்போ வாராவாரம் பாதித் தண்ணி மாத்துறீங்க. ரொம்ப நல்ல பழக்கம். ஆனாலும் நைட்ரேட் எங்க போய் நிக்கும் தெரியுமா? வாரத்துல சேர்றதை, மாத்துற பங்கால வகுக்கணும். 57-ஐ அரையால வகுத்தா 114. ஒவ்வொரு தடவையும் தண்ணி மாத்துறதுக்கு முன்னாடி 114, மாத்தின பிறகு 57. இப்படியே வாழ்நாள் முழுக்க. நான் 40-க்குக் கீழ வைக்கப் பார்ப்பேன். தீனியை 3 கிராமா குறைங்க, வாரத்துக்கு 17 சேரும், பாதி மாத்தினா உச்சம் 34. ஆக, தண்ணியை மட்டும் பிடிச்சுக்கிட்டு தீனியை விட்டுட்டா கணக்கு எந்தக் காலத்துலயும் டேலி ஆகாது.

3 கிராம்னா பட்டினிப் போடுறதான்னு கேப்பீங்க. 300 கிராம் எடை உள்ள வளர்ந்த ஃப்ளவர்ஹார்னுக்கு அது உடம்பு எடையில நூத்துல ஒரு பங்கு. தாராளமா போதும். மீன் நம்மளை மாதிரி உடம்பைச் சூடா வச்சுக்கத் தீனியை எரிக்கிறது இல்லை. வளர்ந்த சிக்லிட் ஒரு வாரம் சாப்பிடாம இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. குட்டிங்க வேற, அதுங்களுக்கு நாளுக்கு ரெண்டு மூணு தடவை கொஞ்சம் கொஞ்சமா போடணும், அதுக்கேத்த மாதிரி தண்ணியும் மாத்தணும்.

பிரச்சினை என்னன்னா சிக்லிட் நடிப்புல சிவாஜியையே தூக்கிச் சாப்பிட்டுடும். ஆஸ்கார் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும். நீங்க ஹாலுக்குள்ள நுழைஞ்சாலே கண்ணாடிகிட்ட வந்து வாலை ஆட்டிக் குதிக்கும். இப்போதான் சாப்பிட்டிருக்கும், ஆனா மூணு நாளா சோறே காணாத மாதிரி ஒரு பார்வை. அப்பா ஆபீஸ் போகும்போது ஒரு பிடி, அம்மா சமைச்சு முடிச்சு ஒரு பிடி, பசங்க ஸ்கூல் விட்டு வந்து ஆளுக்கு ஒரு பிடி, ராத்திரி தாத்தா "பாவம், என்னையே பாக்குது"ன்னு ஒரு பிடி. யாரைக் கேட்டாலும் "நான் கொஞ்சம்தான் போட்டேன்"பாங்க. உண்மைதான், எல்லாருமே கொஞ்சம்தான் போட்டாங்க. எங்க வீட்டுல காலையில ஒரு சின்ன டப்பாவுல அன்னிக்கு உள்ளதை எடை போட்டு வச்சுடுவேன். யார் வேணா போடலாம், டப்பா காலியானா கடை மூடியாச்சு. இதுக்குக் கிடைச்ச பட்டம் "கருமி".

என்ன போடுறோம்ங்கிறதுலயும் அநியாயம் நடக்குது. மலாவி ஏரியில பாறை மேல படிஞ்ச பாசியைச் சுரண்டித் தின்னு வாழுற மீன்கள் இருக்கு, ம்புனான்னு சொல்வாங்க. பாசி தின்னிக்கு ஏத்த நீளமான குடல் அதுங்களுக்கு. அதுக்குப் போய் "கலர் ஏறும் சார்"னு ரத்தப்புழுவையும் கறியையும் வித்துடறாங்க. வயிறு ஊதி, தீனியைத் துப்பி, ஓரமா ஒதுங்கி நின்னு செத்துப்போகும். ஸ்பைருலினா கலந்த சைவத் தீனின்னு எழுதியிருக்கிற பாக்கெட் அதே கடையில அதே அலமாரியிலதான் இருக்கும். ஃப்ளவர்ஹார்ன் கோஷ்டிக்கு மாட்டு இதயம், ஆட்டு ஈரல். பாலூட்டியோட கொழுப்பு மீனோட உடம்புக்குப் பழக்கமே இல்லாதது. மண்டை பெருசாகணுமாம்! அந்த உருண்டை பெரும்பாலும் பரம்பரையையும் ஆண் பெண்ணையும் வயசையும் பொறுத்தது. சொட்டைக்குத் தைலம் விக்கிறவங்க விளம்பரத்துக்கும் மண்டை வளர்ச்சித் தீனி விளம்பரத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலை.

ஆஸ்காருக்கு உயிரோட தங்கமீன் போட்டு வீடியோ எடுக்கிற வீரர்களைப் பத்தி தனியாவே எழுதலாம். தங்கமீன்ல தயாமினேஸ்னு ஒரு நொதி இருக்கு, பி1 வைட்டமினை உடைக்கும். அதையே தொடர்ந்து தின்னா ஆஸ்கார் சத்துக்குறைவுல விழும். அதோட அந்த மலிவு மீன்கள் என்னென்ன நோயைச் சுமந்துட்டு வருதோ. முப்பது செகண்ட் வீடியோவுக்கு ரெண்டு மீனோட உயிர், ஒண்ணு உடனே, இன்னொண்ணு மெதுவா.

அந்த ஆஸ்கார் 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும்னு விக்கும்போது எத்தனை கடையில சொல்றாங்க? ரெண்டு இன்ச் குட்டியை ரெண்டடித் தொட்டிக்குக் கொடுத்து அனுப்புறாங்க. எனக்கே ஒரு கடையில "தொட்டி அளவுக்குத்தான் சார் மீன் வளரும்"னு சொன்னாங்க. சொன்னவர் முகத்துல ஒரு சலனம் இல்லை. சின்னத் தொட்டியில மீன் வளராம நின்னா அது அளவா வளர்றது இல்லை, அதோட கழிவுலயே அது நொந்து நிக்குது.

"சென்னையில குடிக்கவே தண்ணி இல்லாம 2019-ல லாரி பின்னாடி ஓடினோம், நீங்க மீனுக்கு வாராவாரம் தண்ணி மாத்தச் சொல்றீங்களே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா மாசாமாசம் முழுசா கழுவுறவர் 200 லிட்டர் தொட்டிக்கு 200 லிட்டரைக் கொட்டி, அது போக கல்லை அலசவே அஞ்சாறு பக்கெட் செலவு பண்றார். வாரத்துக்கு 30 சதவீதம் மாத்துறவருக்கு மாசத்துக்கு 240 லிட்டர். கிட்டத்தட்ட ஒண்ணுதான்! தீனியைக் குறைச்சு, ரெண்டு மீன் கம்மியா வச்சா அதையும் குறைக்கலாம். அந்தத் தண்ணியும் வீண் இல்லை, நைட்ரேட் இருக்கிற தண்ணி செடிக்கு உரம். எங்க மாடியில கறிவேப்பிலை காடு மாதிரி நிக்குது. தண்ணிப் பஞ்சத்துல அதிகம் அடிபடறது, சின்னத் தொட்டியில நிறைய மீனை அடைச்சு வச்சிருக்கிறவர்தான்.

அப்போ செய்ய வேண்டியதுதான் என்ன? பெருசா ஒண்ணும் இல்லை. வாரத்துக்கு ஒருநாள் குழாய் போட்டு அடியில இருக்கிற கசடை உறிஞ்சி எடுத்து, மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்தணும். மெட்ரோ தண்ணின்னா ஒருநாள் பக்கெட்ல ஏர் பம்ப் போட்டு வைக்கலாம், அவசரம்னா குளோரின் நீக்கி உபயோகிக்கலாம். போர் தண்ணியையும் கொஞ்ச நேரம் காத்துப்பட விட்டு ஊத்துறது நல்லது. ஸ்பாஞ்சை வெளிய எடுத்த தொட்டித் தண்ணியிலேயே ரெண்டு பிழி பிழிஞ்சு திரும்ப வைக்கணும், அது அழுக்கு நிறத்துல இருந்தா சந்தோஷப்படணும். அப்புறம் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூணையும் சோதிக்க ஒரு கிட். மீனுக்கும் தொட்டிக்கும் லைட்டுக்கும் பின்னாடி ஒட்டுற பவளப்பாறை போஸ்டருக்கும் ஆயிரக்கணக்குல செலவு பண்றவங்க இந்தக் கிட்டை மட்டும் ஆடம்பரம்ங்கிறாங்க. அது ஒண்ணுதான் அந்தத் தொட்டியிலேயே உண்மை பேசுற பொருள். முதல் ரெண்டும் பூஜ்யம் இல்லைன்னா அன்னிக்குத் தீனி கட், தண்ணி மாத்து. மருந்து பாட்டிலைத் தொடுறது அதுக்கப்புறம்தான். எல்லா நோயும் தண்ணியால வரும்னு சொல்லலை. வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து வேணும், புழுவுக்கு மருந்து வேணும். ஆனா தண்ணியைச் சோதிக்காம மருந்து ஊத்துறது, ஜுரம் பார்க்காமலேயே ஆன்டிபயாடிக் முழுங்குற கதைதான்.

இதையெல்லாம் சொன்னா வீட்டுல கிடைக்கிற பதில், "ஒரு மீனுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா". இந்த "ஒரு மீனுக்கு" இருக்கே, அதுதான் கடைசியா என்னை உசுப்புறது. கேரளாக்காரங்க வாழையிலையில பொதிஞ்சு சுடுற கரிமீனும், நம்ம ஏரியில பிடிக்கிற ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட் குடும்பம்தான். அதைத் திங்கிறதுல எனக்கு ஒரு மனக்கஷ்டமும் இல்லை, நானும் திங்கிறவன்தான். தின்னா ஒருநாள்ல முடிஞ்சுது. தொட்டியில வச்சா அதுக்குப் போக்கிடம் இல்லை. ஆத்துலயோ ஏரியிலயோ தண்ணி சரியில்லைன்னா மீன் நகர்ந்து போயிடும். நாலு கண்ணாடிக்கு நடுவுல அது நாம ஊத்தினதைத்தான் மூச்சு விடணும், நாம போட்டதைத்தான் திங்கணும். முட்டை போட்டுட்டு ஜோடியா காவல் நிக்கிற, குஞ்சுகளை வாயில வச்சுக் காப்பாத்துற, வீட்டுல யார் தீனி போடுறவர்னு முகம் பார்த்துத் தெரிஞ்சுக்கிற மீன் அது. அதை அம்மோனியாவுல ஊறப்போட்டுக் கொன்னுட்டு, நமக்காக உயிரைக் கொடுத்துச்சுன்னு கதை கட்டுறது கொஞ்சம் ஓவர் இல்லையா?

டிஸ்கி: கொளத்தூர்ல, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில, கேட்ட கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லி, "தொட்டி தயாரானதும் வாங்க, மீன் அப்புறம் தர்றேன்"னு திருப்பி அனுப்புற கடைக்காரர்களும் உண்டு. எனக்கே ரெண்டு பேரைத் தெரியும். அப்படி ஒருத்தர் கிடைச்சா பேரம் பேசாம வாங்குங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட தீனி டப்பாவைக் கொடுத்துட்டுப் போகாதீங்க. அஞ்சு நாள் மீன் பட்டினி கிடக்கும், திரும்பி வர்றப்போ நல்லா இருக்கும். டப்பா கொடுத்துட்டுப் போனா என்ன ஆகும்னு மேல போட்ட கணக்கைப் பார்த்துக்குங்க :-)